நிப்பிள் வாளி: கோழிக்குத் தண்ணீர் வைக்கிறவர்களுக்கு

கோழி கொத்தினால் துளித்துளியாகத் தண்ணீர் விடும் நிப்பிள்கள் பொருத்திய வாளி இது. கொல்லையில் நாலைந்து கோழி வைத்திருப்பவர்கள் இதை நம்பி வாங்கலாம். ஆனால் பெட்டியின் மேல் "ஒரு வாரத்துக்குக் கவலையே இல்லை" என்று அச்சடித்திருக்கிறார்களே, அதை மட்டும் நம்ப வேண்டாம். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

என்னிடம் இருப்பவை ஐந்து பெட்டைகள். இதுவரை அவற்றுக்குத் திறந்த தட்டில்தான் தண்ணீர். கோழி ஒரு இடத்தில் சும்மா நிற்காது, காலால் சீய்த்துக்கொண்டேதான் இருக்கும். காலையில் கழுவி வைத்த தட்டில் பத்து மணிக்குள் மண், வைக்கோல், எச்சம் எல்லாம் மிதக்கும். எச்சம் விழுந்த தண்ணீரைக் குடிப்பதுதான் ரத்தக்கழிச்சல் பரவுவதற்கு நேரான வழி. அந்த நோய்க்கிருமியின் முட்டைகள் எச்சத்தோடு வெளியே வரும். ஈரமும் சூடும் கிடைத்தால் ஓரிரு நாளிலேயே அடுத்த கோழியைப் பிடிக்கும் நிலைக்கு வந்துவிடும். ஆகவே தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும், தண்ணீர் வைத்த இடம் காய்ந்திருக்கவும் வேண்டும். எந்தத் தண்ணீர்ப் பாத்திரமானாலும் இந்த இரண்டையும் வைத்துத்தான் நான் மதிப்பிடுவேன்.

இனி பொருளைப் பற்றி. மூடி போட்ட 10 லிட்டர் பிளாஸ்டிக் வாளி, வெளிச்சம் உள்ளே புகாத அழுத்தமான நிறம். அடியிலிருந்து இரண்டு விரற்கடை உயரத்தில் பக்கவாட்டில் நான்கு சிவப்பு நிப்பிள்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஆணி மாதிரி ஒரு சிறிய எஃகு ஊசி. அதை எந்தப் பக்கம் அசைத்தாலும் ஒரு துளி உருண்டு வரும், விட்டால் அடைத்துக்கொள்ளும். மூடியில் காற்றுத் துளை இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். துளை இல்லாமல் மூடி இறுக்கமாக உட்கார்ந்தால் உள்ளே காற்று புகாமல் தண்ணீர் வருவது நின்றுவிடும். வாளி நிறைந்திருக்கும், கோழி தாகத்தோடு கொத்திக்கொண்டிருக்கும். இந்த வாளியில் துளை சரியாகவே இருக்கிறது.

கோழி இதில் குடிப்பதைக் கிட்டத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அதற்குத் தண்ணீரை உறிஞ்சத் தெரியாது. தட்டிலானால் அலகை முக்கி அள்ளி, தலையைத் தூக்கித் தொண்டைக்குள் இறக்கும். இங்கே ஊசியைக் கொத்தியதும் துளி கீழலகில் விழுகிறது, தலை கொஞ்சம் நிமிர்கிறது, தொண்டையடி இறகு ஒருமுறை அசைகிறது, மறுபடி கொத்துகிறது. டிக், டிக் என்று சத்தம் சீராகக் கேட்டுக்கொண்டிருக்கும். அந்தச் சத்தம் கேட்டாலே எனக்கு நிம்மதி.

உயரம்தான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. கோழி தலையைச் சற்றே நிமிர்த்திக் கொத்துகிற மட்டத்தில் நிப்பிள் இருக்க வேண்டும். தாழ்வாக இருந்தால் பக்கவாட்டில் கொத்திப் பாதித் தண்ணீரைத் தரையில் சிந்தும். இரண்டு செங்கல்லை அடுக்கி அதன் மேல் வைத்தபோது என் கோழிகளுக்குச் சரியாக இருந்தது. கயிற்றில் தொங்கவிடாதீர்கள். ஆடுகிற வாளியில் ஊசி தானாக அசைந்து சொட்டிக்கொண்டே இருக்கும்.

பழக்குவது எளிது. விரலால் ஊசியைத் தட்டித் தண்ணீர் மினுங்கக் காட்டினால் ஒன்று வந்து கொத்தும். ஒன்று கற்றுக்கொண்டால் மற்றவை அதைப் பார்த்தே பிடித்துக்கொள்ளும். சிவப்பு நிறமும் அவற்றின் கண்ணை இழுக்கிறது. ஆனால் ஐந்தும் குடிக்கின்றன என்று ஒவ்வொன்றாகப் பார்த்து உறுதி செய்யும்வரை பழைய தட்டை எடுக்கக் கூடாது. என் கூட்டத்தில் கருப்பிதான் தலைவி, சாம்பிதான் கடைசி. சாம்பி வாளிப் பக்கம் வந்தாலே கருப்பி உச்சியில் ஒரு கொத்து வைத்து விரட்டிவிடும். நிப்பிள்கள் வாளியைச் சுற்றி நாலு பக்கமும் இருப்பதால் சாம்பி மறுபக்கம் போய் நின்று குடிக்கக் கற்றுக்கொண்டது. வாளியைச் சுவரோடு ஒட்டி வைத்திருந்தால் அதற்கு அந்த வழியும் கிடைத்திருக்காது. இடம் பார்க்கும்போது இதை மறக்காதீர்கள்.

சரி, அந்த "ஒரு வாரம்" கணக்குக்கு வருகிறேன். முட்டையிடும் ஒரு கோழி ஒரு நாளைக்குச் சுமார் கால் லிட்டர் குடிக்கும். ஐந்துக்கு ஒன்றே கால் லிட்டர், அதனால் 10 லிட்டர் ஒரு வாரம் வரும் என்பது அவர்கள் கணக்கு. முதலில், 10 லிட்டரும் வெளியே வராது. நிப்பிளுக்குக் கீழே இரண்டு விரற்கடைத் தண்ணீர் அப்படியே தங்கிவிடும். அடுத்து, வெயில் ஏறினால் அதே கோழி இரண்டு மடங்கு குடிக்கும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, தேங்கிய தண்ணீரில் வாளியின் உட்சுவர் வழவழத்துப்போகும். வெளிச்சம் புகாததால் பாசி பிடிக்கவில்லை என்பது உண்மைதான், ஆனாலும் விரலால் தடவினால் அந்த வழவழப்பு தெரியும். நான் பாதி வாளிதான் நிரப்புகிறேன். ஒன்றுவிட்ட ஒரு நாள் கொட்டிவிட்டு, பிரஷ் போட்டுத் தேய்த்துப் புதிதாக ஊற்றுகிறேன். உப்புத் தண்ணீர் உள்ளவர்கள் ஊசியில் வெள்ளையாகப் படிவதைப் பார்ப்பீர்கள். நிப்பிளைக் கழற்றி நீர்த்த வினிகரில் ஊறப்போட்டால் விட்டுவிடும். அப்புறம் நன்றாக அலசிப் பூட்டுங்கள். வைட்டமின் கரைசலை இதில் ஊற்ற வேண்டாம், இனிப்புப் பிசுக்கு வால்வில் ஒட்டிச் சொட்ட ஆரம்பிக்கும்.

இதில் எனக்கு உண்மையிலேயே பிடிக்காத ஒன்று உண்டு. தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று வெளியே தெரியவில்லை. பக்கத்தில் ஒரு கண்ணாடிப் பட்டை வைத்திருக்கலாம். கோழிக்கு உடம்பு சரியில்லை என்றால் பல சமயம் முதலில் காட்டிக்கொடுப்பது தண்ணீர் குறைகிற அளவுதான். தீவனத்தைக் கொறித்துக்கொண்டே நிற்கும், நோவை வெளியில் காட்டாது. தட்டில் வைத்தபோது ஒரு பார்வையில் தெரிந்தது, இதிலோ மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. தினமும் காலையில் அதைச் செய்கிறேன். முட்டையில் முக்கால் பங்கு தண்ணீர்தான். குடிப்பது குறைந்தால் முட்டையும் குறைந்துவிடும், ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் இல்லாமல் போனால் முட்டையே நின்றுபோகலாம்.

கொளுத்துகிற வெயிலில் இந்த வாளி மட்டும் போதாது. கோழிக்கு வியர்க்காது, அலகைப் பிளந்து மூச்சு வாங்கித்தான் சூட்டை இறக்கும், கொண்டையும் தாடியும் கொஞ்சம் உதவும். அந்த நேரத்தில் துளித்துளியாகக் கொத்திக் குடிப்பது அதற்குப் போதவில்லை. சூடேறிய தண்ணீரையும் அது தொடாது. அந்த நாட்களில் வாளியை நிழலுக்கு மாற்றிவிட்டு, பக்கத்தில் ஒரு திறந்த தட்டில் குளிர்ந்த தண்ணீரும் வைக்கிறேன். தாடியை நனைத்துக்கொண்டு அவை குடிப்பதைப் பார்த்தாலே தெரியும், அந்தத் தட்டு எவ்வளவு அவசியம் என்று. அழுக்கானால் ஆகட்டும், அன்றைக்கு இரண்டு முறை கூடுதலாகக் கழுவிக்கொள்ளலாம்.

குஞ்சுகளுக்கு இது வேண்டாம். இந்த ஊசி கொஞ்சம் இறுக்கம், பிஞ்சு அலகுக்கு அசையாது. ஆழமில்லாத தட்டில் கூழாங்கல் போட்டு வையுங்கள், மூழ்கவும் மூழ்காது.

வாளிக்கு அடியில் இப்போது தரை காய்ந்திருக்கிறது. முன்பு தட்டு இருந்த இடத்தில் எப்போதும் சேறும் அமோனியா நெடியும்தான். ஒரு நிப்பிள் மட்டும் வாங்கியபோதே சொட்டியது; ரப்பர் வளையம் சரியாக உட்காராமல் இருந்தது. கழற்றித் திருப்பி மாட்டியதும் நின்றுவிட்டது. வாங்கியவுடன் தண்ணீர் நிரப்பி, அடியில் காகிதம் விரித்து ஒரு இரவு வைத்துப் பாருங்கள். காகிதம் காய்ந்திருந்தால் கூட்டுக்குள் வைக்கலாம்.

அடுத்து இதே வாளியில் இன்னொன்று வாங்கப் போகிறேன். ஒரு வாளிக்கு நான்கு நிப்பிள் என்பது ஐந்து கோழிக்கு ஏற்கெனவே தாராளம்தான், ஒரு நிப்பிளுக்கு மூன்று நான்கு கோழி என்பதே வழக்கமான கணக்கு. ஆனாலும் காலையில் கூட்டைத் திறந்ததும் ஐந்தும் ஒன்றாக ஓடிவரும்போது கருப்பியால் இரண்டு வாளியைக் காவல் காக்க முடியாது. கொல்லையின் எதிர் மூலையில் ஒன்று இருந்தால் சாம்பி ஓடி ஒளியாமல் வயிறு நிறையக் குடிக்கும்.