காற்று நாளில் கேரவன் இழுத்தல்: ஆல்கோ ஏகேஎஸ் 3004 ஹிட்ச் ஒரு மதிப்பீடு

பிரிட்டனில் இன்று விற்பனைக்கு வரும் புதிய கேரவன்களில், அதாவது காரின் பின்னால் இழுத்துச் செல்லும் தங்கும் வண்டிகளில், பெரும்பாலானவற்றுக்கு, காரோடு இணைக்கும் பாகமான ஹிட்ச், ஆட்டத்தைக் கட்டுப்படுத்தும் வகையாகத் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டுவிடுகிறது. அவற்றுள் மிகப் பரவலாகக் காணப்படுவது ஜெர்மனியின் ஆல்கோ நிறுவனம் தயாரிக்கும் ஏகேஎஸ் 3004. பழைய கேரவன் வைத்திருப்போர் சாதாரண ஹிட்ச்சைக் கழற்றிவிட்டு அதன் இடத்தில் இதைத் தனியாக வாங்கிப் பொருத்திக்கொள்ளலாம்; சில நூறு பவுண்டு செலவாகும். அந்தச் செலவு காற்று பலமாக வீசும் நாளில் எவ்வளவு தூரம் கைகொடுக்கிறது என்பதை மட்டுமே இங்கே பார்க்கிறேன். எம்6 மோட்டார்வே ஷாப் மேட்டில் ஏறி இறங்கும் இடமும், ஏ66 சாலை ஸ்டெயின்மோர் வழியாகப் பென்னைன் மலைத்தொடரைக் கடக்கும் இடமும் எனக்குப் பழகிய பாதைகள். இரண்டிலும் மரமோ கட்டடமோ மறைக்காத வெட்டவெளியில் காற்று பக்கவாட்டில் வந்து அறையும். ஒற்றை அச்சுக் கேரவனை நடுத்தர அளவுக் காரில் இழுத்துச் செல்பவனுக்கு இந்தப் பொருளை எடைபோட அவற்றைவிடப் பொருத்தமான சாலைகள் அமையாது.

காரின் பின்புறத்தில் உள்ள 50 மி.மீ. விட்டமுள்ள டோபால் என்னும் இணைப்புப் பந்தைச் சாதாரண ஹிட்ச் கவ்விக்கொண்டாலும், எந்தத் தடையுமின்றிச் சுழல விட்டுவிடுகிறது. ஏகேஎஸ் 3004-இன் உள்ளே முன்னும் பின்னும் இரண்டு, இடமும் வலமும் இரண்டு என நான்கு உராய்வுக் கட்டைகள் உள்ளன. ஹிட்ச் சரியாக உட்கார்ந்ததைக் காட்டும் பச்சைக் குறி தெரிந்த பின், தனியாக உள்ள நெம்புகோலை அழுத்தினால் அந்தக் கட்டைகள் பந்தை இறுக்கிப் பிடிக்கின்றன. அதன் பிறகு கேரவன் இடவலமாகத் திரும்பவும் மேலும் கீழும் ஆடவும் அந்த உராய்வை வென்றாக வேண்டும். முந்தைய தலைமுறையினர் பக்கவாட்டில் மாட்டிய எஃகுத் தகட்டு நிலைப்படுத்தியோடு ஒப்பிட்டால், தனியாகத் தூக்கிச் சுமந்து மாட்ட வேண்டிய பாகம் எதுவும் இதில் இல்லை என்பது பெரிய நிம்மதி.

காற்று கேரவனுக்குச் செய்யும் தொல்லை இருவகைப்பட்டது என்பதைப் பிரித்துப் பார்க்காமல் இந்தக் கருவியைப் புகழ்வதும் பழிப்பதும் பொருளற்றவை. முதலாவது, வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும் நேரடி விசை. ஆறரை மீட்டர் நீளமும் ஏறக்குறைய 2.2 மீட்டர் உயரமும் உள்ள கேரவனின் பக்கச் சுவர் 14 சதுர மீட்டருக்குக் குறையாது. மணிக்கு 20 மைல் வேகக் காற்று அதன்மேல் குறுக்காக மோதும்போது உண்டாகும் தள்ளுவிசை சுமார் 70 கிலோ எடைக்கு இணையானது. அதே காற்று 40 மைல் வேகத்தை எட்டினால் விசை இருமடங்காவதில்லை, நான்கு மடங்காகி 280 கிலோவைத் தொடுகிறது. இந்த விசைக்கு எதிராக ஏகேஎஸ் 3004 உட்பட எந்த ஹிட்ச்சும் ஒன்றும் செய்ய இயலாது. அதைத் தாங்க வேண்டியவை டயர்களும், இழுக்கும் காரின் எடையும், ஓட்டுநரின் நிதானமும்தான்.

இரண்டாவது, அந்தத் தள்ளல் தொடங்கிவைக்கும் ஆட்டம். ஒரு வீச்சு கேரவனின் பின்பகுதியை விலக்குகிறது. அது திரும்பி வரும்போது நடுவில் நிற்காமல் மறுபக்கம் போகிறது. காரும் அதோடு சேர்ந்து இழுபடுகிறது. கேரவன் பாம்பாக நெளிவது இப்படித்தான் பிறக்கிறது. ஏகேஎஸ் 3004 தன் மதிப்பைக் காட்டுவது இங்கேதான். மோட்டார்வேயில் பெரிய லாரியோ கோச்சோ முந்திச் செல்லும்போது அதன் முகப்பு தள்ளும் காற்று கேரவனை முதலில் விலக்கி, பிறகு உள்ளே இழுக்கும். சாதாரண ஹிட்ச்சில் இரண்டு மூன்று ஊசலாட்டங்களாக நீளும் அந்த அசைவு, கட்டைகள் பந்தை இறுக்கியிருக்கும்போது ஒரே அசைவில் அடங்கிவிடுகிறது. மலைச்சரிவை வெட்டிப் போட்ட பள்ளச் சாலையிலிருந்து திறந்தவெளிக்கு வரும் நொடியில் விழும் திடீர் வீச்சுக்கும் இதுவே பொருந்தும். மணிக்கு 50 மைல் வரையிலான வேகத்தில் ஸ்டியரிங் கையில் உணரும் வேறுபாடு தெளிவானது, ஐயத்துக்கு இடமில்லாதது.

ஆனால் உராய்வு தரும் தடை ஏறத்தாழ மாறாத அளவு. ஆட்டத்தில் அடங்கியிருக்கும் ஆற்றலோ வீச்சு வலுக்க வலுக்கப் பெருகுகிறது. அதோடு, காரும் கேரவனும் சேர்ந்த தொடருக்கு இயல்பாகவே இருக்கும் தணிக்கும் தன்மை வேகம் கூடக் கூடக் குறைந்து, ஒரு கட்டத்தில் இல்லாமலே போகிறது. அந்த எல்லை எங்கே இருக்கிறது என்பதைத் தீர்மானிப்பதில் ஹிட்ச்சைவிடச் சுமை அடுக்கப்பட்ட விதத்துக்கே பங்கு அதிகம். பாத் பல்கலைக்கழகத்தில் நடந்த சோதனைகளும் எடை பரவியிருக்கும் முறை, ஹிட்ச்சின் மேல் இறங்கும் பாரம், அச்சு அமைந்த இடம் ஆகியவற்றின் செல்வாக்கையே முதன்மையாகக் காட்டின. கனமான பொருள்கள் அச்சுக்கு மேலே, தரையை ஒட்டி இருக்க வேண்டும்; ஹிட்ச்சின் மேல் இறங்கும் பாரம் கேரவனின் மொத்த எடையில் 5 முதல் 7 விழுக்காடு, அதாவது 1,400 கிலோ வண்டிக்கு 70 முதல் 98 கிலோ, இருக்க வேண்டும்; அதே நேரத்தில் கார், டோபாலைத் தாங்கும் சட்டமான டோபார், ஹிட்ச் ஆகிய மூன்றின் வரம்புகளில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. சமையலறை கடைக்கோடியில் அமைந்த கேரவன்களில் நம்மவர்கள் அரிசி மூட்டையையும் கிரைண்டரையும் அங்கேயே ஏற்றிவிடுவது வழக்கம். பின்சுவரில் சைக்கிள்களும் தொங்கினால், எந்த ஹிட்ச்சாலும் சீர்செய்ய முடியாத வண்டி உருவாகிவிடுகிறது.

இந்தக் கருவியின் மீது எனக்குள்ள பெரிய ஆட்சேபமும் இதிலிருந்தே எழுகிறது. தவறாகச் சுமை ஏற்றிய வண்டி சாதாரண ஹிட்ச்சில் 45 மைல் வேகத்திலேயே லேசாக நெளிந்து எச்சரித்துவிடும். ஏகேஎஸ் 3004 அந்தச் சிறிய நெளிவை விழுங்கிவிடுவதால், ஓட்டுநருக்கு முதல் எச்சரிக்கையே 60 மைல் வேகத்தில், பலத்த வீச்சின் நடுவில் கிடைக்கக்கூடும். எனவே புதிதாகச் சுமை ஏற்றிய வண்டியை, காற்றில்லாத நாளில், வெறிச்சோடிய சாலையில், நெம்புகோலை இறக்காமல் மிதமான வேகத்தில் சிறிது தூரம் ஓட்டிப் பார்ப்பதை நான் வலியுறுத்துவேன்.

ஆல்கோவே விற்கும் ஏடிசி என்னும் மின்னணுக் கருவி வேறு வகையைச் சேர்ந்தது. பக்கவாட்டு ஆட்டத்தை உணரி கண்டறிந்ததும் அது கேரவனின் பிரேக்குகளைத் தானே இயக்கித் தொடரை நேராக்குகிறது. ஹிட்ச் எப்போதும் வேலை செய்வது. ஏடிசி ஆட்டம் எல்லை மீறும்போது மட்டும் தலையிடுவது. ஒன்று இருப்பதால் மற்றது வேண்டாம் என்று சொல்ல முடியாது. காற்று மிகுந்த பகுதியில் வாழ்பவர், கையில் பணம் இருந்தால், இரண்டையும் வைத்துக்கொள்வதே நல்லது.

பராமரிப்பில்தான் பலர் சறுக்குகிறார்கள். சாதாரண ஹிட்ச்சுக்கு டோபாலில் கிரீஸ் தடவ வேண்டும். இதற்கோ ஒரு துளி கிரீஸும் கூடாது. புதிய டோபாலின் பெயிண்டை உப்புத்தாளால் முழுமையாகத் தேய்த்து எடுத்துவிட வேண்டும். தோட்டக் கழிவு ஏற்றும் சிறிய டிரெய்லரையும் அதே காரில் இழுப்பவர்கள், ஒவ்வொரு முறையும் பந்தைக் கரைப்பானால் துடைத்தாக வேண்டும். எண்ணெய் ஊறிய கட்டைகள் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் பிடிப்பை இழந்திருக்கும். மெதுவாகத் திரும்பும்போது கிறீச்சென்ற சத்தம் எழுந்தால், உராய்வு வகை ஹிட்ச் எதுவானாலும், முதலில் பந்தின் தூய்மையைப் பார்க்க வேண்டும். கழுத்து நீண்ட டோபால்தான் இதற்குப் பொருந்தும் என்பதால், பழைய கார் வைத்திருப்பவர் டோபாலையும் மாற்ற நேரிடலாம். விலையைக் கணக்கிடும்போது இது விடுபட்டுப் போகிறது. கட்டைகளின் தேய்மானத்தைக் காட்டும் குறிகள் ஹிட்ச்சிலேயே உள்ளன.

ஹிட்ச் எதுவானாலும், சட்டப்படி கேரவன் இழுப்பவர் நடுத்தடுப்பு இல்லாத இருவழிச் சாலையில் 50 மைலையும், நடுத்தடுப்பு உள்ள இரட்டைப் பாதைச் சாலையிலும் மோட்டார்வேயிலும் 60 மைலையும் தாண்டக் கூடாது. காற்று நாளில் இவற்றிலிருந்தும் பத்து மைலைக் குறைப்பது என் வழக்கம். ஆட்டம் தொடங்கிவிட்டால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, ஸ்டியரிங்கை எதிர்த்துத் திருப்பாமல் நிலையாகப் பிடித்து, வேகம் தானாகக் குறைய விட வேண்டும். பிரேக்கை அழுத்துவதும், வேகத்தைக் கூட்டி இழுத்து நேராக்க முயல்வதும் நிலைமையை மோசமாக்கும். வானிலை முன்னறிவிப்பில் சராசரி வேகத்தைவிட வீச்சு வேகத்தையே பார்க்க வேண்டும். அது 40 மைலைத் தாண்டும் நாளில், ஏகேஎஸ் 3004 இருந்தாலும் நான் புறப்படுவதில்லை. ஹம்பர் பாலத்தில் பலத்த காற்றின்போது கேரவன்களுக்குத் தடை விதிக்கப்படுகிறது. வேல்ஸுக்குச் செல்பவர்களுக்கு, 1966-இல் திறக்கப்பட்ட பழைய செவர்ன் பாலம் காற்றால் மூடப்பட்டாலும், காற்றுத் தடுப்புகள் கொண்ட பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் பாலம் பெரும்பாலும் திறந்தே இருக்கும்.

சாதாரண ஹிட்ச் உள்ள பழைய ஒற்றை அச்சுக் கேரவனுக்கு இதை ஐயமின்றிப் பரிந்துரைப்பேன். இரட்டை அச்சு வண்டியைக் கனமான காரில் இழுப்பவருக்கு அவசரமில்லை. டயர்களுக்கு அந்தப் பணத்தை முதலில் செலவிடலாம். ஏகேஎஸ் 3004 ஏற்கெனவே பொருத்தப்பட்ட கேரவனைப் பழையதாக வாங்குபவர்கள், விலை பேசுவதற்கு முன் கட்டைகளைப் பார்த்து, அவை பளபளத்தாலோ எண்ணெய்க் கறை படிந்திருந்தாலோ புதிய கட்டைகளின் விலையைக் கழித்துத் தரச் சொல்லிக் கேட்கலாம்.