பேமிலிசர்ச்: முன்னோரைத் தேடுவோர்க்கான இலவசச் சேவை

கொள்ளுத்தாத்தாவின் தந்தை பெயரைக் கண்டுபிடித்த உற்சாகத்தில் பெரியப்பா எங்கள் எல்லோரையும் கேள்விகளால் துளைத்தெடுத்ததன் விளைவாகவே நானும் பேமிலிசர்ச் இணையதளத்தில் கணக்குத் தொடங்கினேன். 1894இல் அமெரிக்காவின் யூட்டாவில் உருவான வம்சாவளிச் சங்கத்தின் வழிவந்த இச்சேவைக்குக் கட்டணமே கிடையாது. பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவேடுகள் பலவற்றின் மூலப் படங்களையே திறந்து பார்க்க முடிவதுதான் இதன் பெரும்பலம். தேடுவதற்கான பெயர் அட்டவணையில் பிழையாக ஏறிய பெயரைப் பழைய கையெழுத்தோடு நாமே ஒப்பிடலாம், ஓரத்தில் ஒப்பமிட்ட சாட்சிகளின் பெயர்களிலிருந்து புதிய உறவுகளும் அகப்படக்கூடும். உலகம் முழுமைக்கும் ஒரே குடும்ப மரம் என்பதால், இறந்தவர்களைப் பற்றி நாம் சேர்க்கும் விவரத்தை வேறொருவர் மாற்றிவிட இடமுண்டு (எனக்கு இது அவ்வளவாகப் பிடிக்கவில்லை). ஆகவே ஒவ்வொரு பெயருடனும் ஆதாரத்தை இணைத்துவிடுவது நல்லது. மரபணுப் பரிசோதனை வேண்டுவோர் வேறு சேவையைத்தான் நாட வேண்டும்.