மேல்கை பி.பி. மெஷின்: சில வருடப் பயன்பாட்டில் தெரிந்தவை

புதிதாக பி.பி. மெஷின் வந்த வீட்டில் முதல் வாரம் கேட்கும் பேச்சு ஒன்றுதான்: "இது தப்பாக் காட்டுது." காலையில் 152, ஐந்து நிமிடம் கழித்து 138, ராத்திரி மறுபடி 150. கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்கலாமா என்றுகூடத் தோன்றும். வருடக்கணக்கில் பயன்படுத்தினால் புரிவது வேறு. மெஷின் அநேகமாகச் சரியாகவே அளக்கிறது. கையில் சுற்றும் பட்டையும் நாம் உட்காரும் விதமும்தான் எண்ணைக் கெடுக்கின்றன.

பட்டையிலிருந்தே தொடங்க வேண்டும். தோள்முனைக்கும் முழங்கைக்கும் நடுவில் டெய்லர் டேப்பைச் சுற்றி அளந்து பாருங்கள். பெட்டியோடு வரும் சாதாரணப் பட்டை பெரும்பாலும் 22 முதல் 32 செ.மீ. வரையுள்ள கைக்கானது. கை 35 செ.மீ. இருந்தால் 22–42 என்று போட்டிருக்கும் பெரிய பட்டையைத் தனியாக வாங்கியே ஆக வேண்டும். பருத்த கையில் சின்னப் பட்டையைச் சுற்றினால் அளவு கூடித் தெரியும். மிகப் பருத்த கையில் மேல் அளவு (வரும் இரண்டு எண்ணில் பெரியது) உள்ளதைவிடக் கிட்டத்தட்ட 20 வரைகூட எகிறும். அந்த எண்ணை நம்பி மாத்திரையைக் கூட்டினால், எழுந்து நின்றதும் தலைசுற்றி விழுவதுதான் மிச்சம். மெலிந்த கையில் பெரிய பட்டை இதற்கு நேர்மாறு, குறைத்துக் காட்டும்.

சுற்றும்போது பட்டையின் கீழ் ஓரம் முழங்கை மடிப்புக்கு 2–3 செ.மீ. மேலே நிற்க வேண்டும். டியூப், உள்ளங்கைப் பக்கமாக, கையின் நடுவே இறங்க வேண்டும். பட்டைக்குள் இரண்டு விரல் நுழைகிற இறுக்கம் போதும், அதைவிடத் தளர்ந்தால் அளவு கூடும். வெறும் கையில்தான் சுற்ற வேண்டும். இறுக்கமான ரவிக்கைக் கையையோ சட்டைக் கையையோ மேலே சுருட்டிவிட்டு அளப்பது பலர் செய்யும் தவறு. அந்தச் சுருள் கயிறு கட்டியதுபோல் கையை இறுக்கிவிடும். துணியிலிருந்து கையை வெளியே எடுத்துவிடுவது நல்லது.

அளக்க ஏற்ற இடம் சாப்பாட்டு மேசை. முதுகு நாற்காலியில் சாய்ந்திருக்க வேண்டும், இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும், கால்மேல் கால் கூடாது. பட்டை நெஞ்சின் நடு உயரத்துக்கு வரும்படி கையை மேசைமேல் வையுங்கள். மேசை தாழ்வாக இருந்தால் ஒரு தலையணை. பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து கையைத் தொடையில் போட்டு அளப்பவர்களுக்குக் கணக்கு இதுதான்: இதய மட்டத்துக்கு 10 செ.மீ. கீழே இறங்கினால் அளவு சுமார் 8 கூடும். அது நோய் அல்ல, ரத்தத்தின் எடை.

இதுபோலக் கூட்டிக் காட்டும் சில்லறை விஷயங்கள் இன்னும் உண்டு. அடக்கி வைத்த சிறுநீர், அரை மணிக்குள் குடித்த காபி, புகை, மாடிப்படி ஏறிய மூச்சு. பேச்சும் அப்படித்தான், "எவ்வளவு வந்துச்சு?" என்று நடுவில் கேட்பதுகூட. பட்டை இறங்கும்போது நாடித் துடிப்பால் எழும் சிறு அதிர்வுகளை வைத்துத்தான் மெஷின் கணக்குப் போடுகிறது. அதனால் கை அசைந்தாலே குழம்பிவிடும். இதயத்துடிப்பு சீரற்று இருப்பவர்கள் மூன்று முறை அளந்து சராசரி பார்க்க வேண்டும்.

முதல் நாள் இரண்டு கையிலும் அளந்து பாருங்கள். ஒரு கையில் தொடர்ந்து 10-க்கு மேல் கூடுதலாக வந்தால் இனி அந்தக் கைதான். வித்தியாசம் 15, 20 என்று போனால் டாக்டரிடம் சொல்ல வேண்டிய சங்கதி அது.

டாக்டரைப் பார்க்கப் போவதற்கு முன் ஏழு நாள் குறித்தால் போதும். காலையில் சிறுநீர் கழித்து, காபிக்கும் மாத்திரைக்கும் முன்னால், ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்த பிறகு இரண்டு முறை, நடுவே ஒரு நிமிட இடைவெளி. மாலையில் அதேபோல் இரண்டு முறை. முதல் நாள் எண்களை விட்டுவிட்டு மற்ற 24-க்கும் சராசரி போடுங்கள். கிளினிக்கில் 140/90 எல்லை என்றால், வீட்டு அளவுக்கு 135/85. பயத்தில் நாளுக்கு எட்டுத் தடவை அளந்தால் அந்தப் பயமே எண்ணை ஏற்றிவிடும், அந்த எண்களால் யாருக்கும் உபயோகமில்லை.

மெஷினின் நினைவகத்தை மட்டும் நம்பக் கூடாது. விருந்தாளி அளந்ததும் அதில் சேர்ந்துவிடும், பேட்டரி மாற்றினால் பல மெஷின்களில் தேதி அழிந்துவிடும். ஒரு நோட்டு வையுங்கள். மருந்து மாறிய நாள், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை, சளி மாத்திரை, கருவாடு, ஊறுகாய் எல்லாவற்றையும் ஓரத்தில் குறியுங்கள். திடீரென அளவு ஏறியதற்குக் காரணம் பல நேரம் அங்கேதான் கிடைக்கும். அம்லோடிபின் என்ற பி.பி. மாத்திரை தொடங்கிய பிறகு கணுக்கால் வீங்கினால் அதையும் எழுதுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். டெல்மிசார்டன் என்ற பி.பி. மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் 'லோ சோடியம்' உப்புக்கு மாறக் கூடாது. அதில் இருக்கும் பொட்டாசியம், சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு ஆபத்து. தமிழ்நாட்டில் 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் வீட்டுக்கு வருகிறார்கள். வந்தால் அவர்களையும் அதே கையில் அளக்கச் சொல்லி நோட்டில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

நாளாக ஆகத் தேய்வது பட்டையும் டியூபும்தான். டியூபை மெஷினைச் சுற்றி இறுக்கிக் கட்டி வைத்தால் செருகும் முனையருகே ரப்பர் வெடிக்கும். காற்று கசிந்தால் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும், அல்லது திரும்பத் திரும்பக் காற்றடிக்கும். வெல்க்ரோ பிடிப்பு போனால் நடுவில் படபடவென்று பிரியும். அதே கம்பெனி, அதே மாடலுக்கான பட்டையையே வாங்க வேண்டும். வேறு பட்டை முனையில் பொருந்திவிடும், கணக்கில் பொருந்தாது. பேட்டரி தளர்ந்தால் காற்று மெதுவாக ஏறும், பாதியில் பிழைக்குறி வரும். நாலையும் ஒன்றாக மாற்றுங்கள். மாதக்கணக்கில் அளக்காவிட்டால் கழற்றி வையுங்கள், கசிந்தால் முனைகள் அரித்துப்போகும். வருடத்துக்கு ஒரு முறை டாக்டரிடம் கொண்டுபோய், அவருடைய மெஷினிலும் உங்களுடையதிலும் ஒரே கையில் மாற்றி மாற்றி அளந்து ஒப்பிடுங்கள். 5 வரை வித்தியாசம் சகஜம். 10-க்கு மேல் நீடித்தால் சர்வீஸ்.

180/120-ஐத் தாண்டினால் ஐந்து நிமிடம் அமர்ந்து மறுபடி அளந்து, அப்படியே இருந்தால் அன்றே டாக்டரிடம் பேசுங்கள். கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணல், பேச்சுக் குழறல், பார்வை மங்கல் இருந்தால் இரண்டாவது அளவுக்குக் காத்திருக்காமல் 108.

இனிமேல் வாங்குபவர்கள் மணிக்கட்டு மாடலை விட்டுவிடுங்கள், மணிக்கட்டு கொஞ்சம் ஏறி இறங்கினாலே எண் மாறும். ஐ.எஸ்.ஓ. 81060-2 என்ற சர்வதேசத் தர முறைப்படி சோதித்த மேல்கை மாடலா என்று பாருங்கள். பட்டை தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.