நாலு வருஷ ரெகம்பென்ட்டும் ஒரு நடுக்கக் கண்ணாடியும்

"நாலு வருஷமா படுத்துக்கிட்டே சைக்கிள் ஓட்டுறியே, நானும் ஒண்ணு வாங்கட்டுமாடா?" என்று நண்பன் கேட்டான். ஒரு பத்தியில் பதில் சொல்லிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். கை கண்ணாடியை விட்டு நகர மாட்டேன் என்கிறது.

சாதா சைக்கிளில் தோளை லேசாகத் திருப்பினால் பின்னால் வருவது தெரிந்துவிடும். ரெகம்பென்ட்டில், அதாவது சாய்ந்து படுத்தபடி மிதிக்கும் இந்த வண்டியில், முதுகு முழுக்க சீட்டில் பதிந்து கிடக்கும். என்னதான் கழுத்தை முறுக்கினாலும் சீட்டின் ஓரம்தான் தெரியும். அதற்குள் ஹேண்டிலும் கூடவே திரும்பித் தொலைக்கும். அதனால் இந்த வண்டியில் பிரேக்குக்கு அடுத்தபடி முக்கியமான பொருள் கண்ணாடிதான். பழைய கண்ணாடி, வண்டி மூலையில் கிடந்த மாதங்களில் எதுவோ மேலே விழுந்து உடைந்துபோனது. அதனால் புதுக் கண்ணாடி, செயின் குழாய், ஹெட்ரெஸ்ட் என்று மூன்று புதுச் சாமான்களோடு இந்த சீசனை ஆரம்பித்தேன்.

செயினை மூடிக்கொள்ளும் குழாய் நன்றாக இருக்கிறது. சாதா சைக்கிளின் செயினைப் போல இரண்டரை, மூன்று மடங்கு நீளச் செயின் காலுக்குப் பக்கத்திலேயே ஓடுகிற வண்டி இது. பேன்ட்டில் கறுப்புக் கோடு விழுவது நின்றுவிட்டது. அதற்கு மேல் குழாயைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

ஹெட்ரெஸ்ட் சிக்னலில் நிற்கும்போது சொர்க்கம். ஓடும்போது சாலையின் ஒவ்வொரு கல்லும் மண்டைக்குள் வந்து பேசுகிறது. ஹெல்மெட்டின் பின்முனை அதில் இடித்து, முன்முனை புருவத்துக்கு இறங்குகிறது.

இனி கண்ணாடி. பெரிய வட்டம், குவிந்த முகம், நீளமான கை. நிற்கும்போது இரண்டு நாள் தாடியை எண்ணிவிடலாம், அவ்வளவு துல்லியம். வேகம் இருபத்தைந்தைத் தாண்டியதும் பின்னால் வரும் கார் இரண்டாகிறது. இன்னும் கொஞ்சம் போனால் வெறும் சிவப்புக் கறை. லாரியா ஆட்டோவா தெரியாது, ஏதோ வருகிறது என்று மட்டும் தெரியும். அதற்குக் காதே போதுமே!

விட்டேனா? ஆலன் கீ போட்டு கண்ணாடிக் கையின் மூட்டு இணைப்பை இறுக்கினேன், மரை கழலும் நிலைக்கு வந்ததுதான் மிச்சம். கிளாம்புக்கு அடியில் பழைய டியூபை வெட்டிச் சுற்றினேன், கொஞ்சம் அடங்கியது. கை நீளமாக இருக்க இருக்க நுனியில் ஆட்டம் பெருகும் என்பதால் கையைப் பாதியாகச் சுருக்கினேன். நடுக்கம் நன்றாகவே குறைந்தது, ஆனால் இப்போது கண்ணாடியில் முக்கால்வாசி என் முழங்கைதான். பின்னால் வருபவனுக்குக் கால்வாசி இடம்.

கடைசியாக, ஒரு கடுப்பில், முன் டயரில் காற்றை 100 பிஎஸ்ஐயிலிருந்து 80க்கு இறக்கினேன். முன்சக்கரம் 20 அங்குலம்தான், சின்னக் குழியைக்கூட அப்படியே வாங்கி மேலே அனுப்புகிற சக்கரம். கண்ணாடி பாதி தெளிந்தது. அதைவிட, வண்டியே மாறிவிட்டது. நாலு வருஷமாக இந்த வண்டி இப்படித்தான் உதறும் என்று நினைத்திருந்தேன். தப்பு என்னுடையது. இதைக் கண்டுபிடித்துக் கொடுத்ததற்காகவாவது அந்தக் கண்ணாடிக்கு ஒரு நன்றி சொல்லலாம், மனசு வரவில்லை.

வண்டியைக் குறை சொல்வது நியாயமில்லை. முதல் நாள் பழைய நினைப்பில் கனமான கியரில் மிதித்து, இரண்டு நாள் முழங்கால் பிடித்துக்கொண்டதும் என் கொழுப்புதான். சீட்டில் முதுகை ஊன்றி எவ்வளவு வேண்டுமானாலும் உந்தலாம், மூட்டு அதற்குத் தயாராக இருக்க வேண்டுமே. மேட்டில் எழுந்து நின்று மிதிக்கவும் முடியாது. லேசான கியரில் காலைச் சுழற்றிக்கொண்டு நத்தை மாதிரி ஏற வேண்டியதுதான். நிறுத்தும்போது கியரைக் குறைக்க மறந்தால் மறுபடி கிளம்புவதே ஒரு கூத்து. ஆனால் எண்பது கிலோமீட்டர் போய் இறங்கினாலும் மணிக்கட்டு மரக்காது, கழுத்து வலிக்காது, உட்காரும் இடத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. எதிர்காற்றில் மற்றவர்கள் குனிந்து திணறும்போது நான் பாட்டுக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டு தாண்டிப் போவேன்.

"இதெல்லாம் ஒரு சைக்கிளாடா?" என்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். 1933இல் பிரெஞ்சுப் பந்தய வீரர் பிரான்சிஸ் ஃபோர் இப்படிப்பட்ட வண்டியில் ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர் ஓட்டி, 1914 முதல் நின்ற சாதனையை உடைத்தார். அடுத்த வருஷமே உலக சைக்கிள் சம்மேளனம் இந்த வகையைப் பந்தயத்திலிருந்து விலக்கிவிட்டது. ஜெயித்ததற்குக் கிடைத்த பரிசு அது.

இவ்வளவும் சொல்லிவிட்டு, நண்பா, என் பதில்: வாங்காதே. நேற்று ஒரு பஸ் என் முழங்கைக்குப் பின்னாலிருந்து திடீரென்று முளைத்தது, நெஞ்சு இன்னும் அடங்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன். அப்படியானால் உன் வண்டியையாவது கொடு என்று மட்டும் கேட்டுவிடாதே. வேண்டுமானால் கண்ணாடியை எடுத்துக்கொண்டு போ.