செவிலியர் தொலைபேசிச் சேவை: மகனின் வயிற்றுவலியும் அவர் கேட்ட கேள்விகளும்

எங்கள் மெடிக்கல் எய்ட் (சந்தா கட்டிச் சேரும் தனியார் மருத்துவக் காப்பீடு) திட்டம் தன் உறுப்பினர்களுக்காக இரவும் பகலும் ஒரு செவிலியர் தொலைபேசிச் சேவையை நடத்துகிறது. ஆறு ஆண்டுகளாகச் சந்தா கட்டியும் நான் அதை ஒருமுறைகூட அழைத்ததில்லை. சென்ற புரட்டாசியில், ஒரு சனிக்கிழமை இரவு, ஒன்பது வயது மகனின் வயிற்றுவலிக்காக முதன்முறையாக அழைத்தேன். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள சாட்ஸ்வொர்த்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் பிள்ளைகளோடு வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குப் பயன்படும் என்பதால், நடந்ததை விரிவாகவே எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை மாலை தொப்புளைச் சுற்றி வலி தொடங்கியது. இரவில் இரண்டு முறை வாந்தி எடுத்தான். மறுநாள் காலை அருகிலுள்ள ஒரு மருத்துவ நிலையத்துக்கு அழைத்துச் சென்றோம். அங்கிருந்த மருத்துவர், நாற்காலியில் உட்கார்ந்திருந்த பிள்ளையின் வயிற்றைச் சட்டைக்கு மேலாகவே தொட்டுப் பார்த்துவிட்டு, பள்ளியில் பரவும் வயிற்றுக் கிருமி என்று சொல்லி, வாந்திக்கு மருந்து எழுதிக் கொடுத்தார். அவனுக்கு இருந்தது குடல்வால் அழற்சி (அப்பெண்டிசைட்டிஸ்) என்று பின்னர் தெரிந்தது. அதை அதன் தொடக்கத்தில் பிரித்தறிவது தேர்ந்த மருத்துவருக்கும் கடினம். எனவே அவர் கண்டுபிடிக்கவில்லை என்பது என் குறை அன்று. பிள்ளையைப் படுக்க வைத்துப் பார்க்கவில்லை என்பதும், எந்த அறிகுறி தோன்றினால் உடனே திரும்பி வர வேண்டும் என்று ஒரு சொல்கூடச் சொல்லவில்லை என்பதுமே என் குறை.

அன்று வீட்டில் புரட்டாசிச் சனிக்கிழமைப் படையல். பாயசத்துக்காகக் காலையிலிருந்தே காத்திருக்கும் பிள்ளை, கிண்ணத்தைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். வயிறு கட்டிக்கொண்டிருக்கும், விளக்கெண்ணெய் கொடுக்கலாம் என்றார் ஆயா (பாட்டி). அதற்குள் வலி வலப்பக்க அடிவயிற்றுக்கு இறங்கிவிட்டது. அப்போதுதான் மெடிக்கல் எய்ட் அட்டையின் பின்புறமிருந்த எண்ணை அழைத்தேன்.

ஏழு நிமிடக் காத்திருப்புக்குப் பின் பேசிய செவிலியர், முதலில் வந்தது வலியா வாந்தியா என்று கேட்டார். வயிற்றுக் கிருமியில் பெரும்பாலும் வாந்தியோ வயிற்றுப்போக்கோ முந்திக்கொள்ளும் என்றும், குடல்வால் அழற்சியில் பொதுவாக வலி முந்தி வரும், வாந்தி அதன் பின்னால் வரும் என்றும் விளக்கினார். அடுத்து, வலி எங்கே தொடங்கி இப்போது எங்கே நிற்கிறது என்பதை, நான் சொல்லாமல், பிள்ளையே ஒரு விரலால் தொட்டுக் காட்டச் சொன்னார். பிறகு அவனை நடக்கச் சொன்னார். அவன் வலப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தே நடந்தான். இருமச் சொன்னபோது அழுதான். ஒரு காலில் குதிக்க முடியுமா என்று கேட்டதற்கு முடியாது என்று தலையாட்டினான். வயிற்றின் உட்புறச் சவ்வு எரிச்சலுற்றிருந்தால் உடலின் ஒவ்வொரு அதிர்வும் வலியைக் கூட்டும் என்பதால்தான் இவற்றைச் செய்யச் சொன்னாராம்.

இந்தச் சேவையின் தரத்தை நான் உணர்ந்தது அதற்குப் பின் வந்த கேள்விகளில்தான். விரையில் வலியோ வீக்கமோ உண்டா, சிறுநீர் கழிக்கும்போது எரிகிறதா, இருமலோ மூச்சிரைப்போ இருக்கிறதா, சில நாள்களாக அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்துச் சிறுநீர் கழிக்கிறானா என்றெல்லாம் கேட்டார். ஆண்பிள்ளைகளுக்கு விரை முறுக்கிக்கொண்டால் அதுவும் அடிவயிற்று வலியாகத் தெரியலாம். சில மணி நேரத்துக்குள் அறுவை செய்யாவிட்டால் விரையையே இழக்க நேரிடும். நிமோனியாவும், புதிதாகத் தொடங்கும் நீரிழிவும்கூடக் குழந்தைகளிடம் வயிற்றுவலியாக வெளிப்படலாம். கூச்சத்தால் பிள்ளை தானாகச் சொல்லியிருக்க மாட்டான். கேட்க வேண்டும் என்பது எனக்கும் தோன்றியிருக்காது.

விடியும்வரை காத்திருக்க வேண்டாம், இப்போதே புறப்படுங்கள் என்று அவர் தெளிவாகச் சொன்னார். விளக்கெண்ணெயோ வேறு பேதி மருந்தோ கொடுக்கக் கூடாது, வயிற்றில் சூடு வைக்கக் கூடாது, அறுவை தேவைப்படலாம் என்பதால் உணவும் தண்ணீரும் வேண்டாம் என்றார். வலி மருந்து நோயை மறைத்துவிடும் என்று நான் அஞ்சியதைச் சொன்னபோது, அது பழைய எண்ணம், மருத்துவமனையிலேயே முதலில் வலியைத் தணித்துவிட்டுத்தான் பரிசோதிப்பார்கள் என்றார். வலி திடீரென அடங்கினாலும் திரும்பிவிடாதீர்கள், குடல்வால் வெடித்தாலும் சிறிது நேரம் அப்படி ஓர் ஆறுதல் தெரியும் என்று அவர் எச்சரித்தது இன்றும் என் காதில் இருக்கிறது.

வழியில் ஒவ்வொரு வேகத்தடையிலும் பிள்ளை துடித்தான். மருத்துவமனையில் இரத்தமும் சிறுநீரும் சோதித்தார்கள். கதிர்வீச்சு இல்லாத அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்தார்கள். விடிவதற்குள் அறுவை முடிந்தது. குடல்வால் வீங்கியிருந்தது, வெடிக்கவில்லை. வலி தொடங்கி இரண்டு நாள் கடந்தால் வெடிக்கும் வாய்ப்பு வெகுவாகக் கூடும் என்றும், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளிடம் வலி இடம் மாறும் இந்த ஒழுங்கு பல வேளைகளில் தெரியாது, வெறும் சிணுங்கலும் வயிற்றுப்போக்கும் உப்பிய வயிறுமாகவே தோன்றலாம் என்றும் அறுவை மருத்துவர் சொன்னார். அந்த வயதுப் பிள்ளை வைத்திருப்பவர்கள் என்னைவிட முன்னதாகவே அழைக்க வேண்டும்.

சேவையில் குறைகளும் உண்டு. பதிவு செய்யப்பட்ட குரலின் பட்டியலைக் கடக்கவே பொறுமை வேண்டும். செவிலியர் கேட்டுக் குறித்துக்கொண்ட விவரங்கள் மருத்துவமனைக்கு அனுப்பப்படவில்லை. அங்கே எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன். வலி, வாந்தி, காய்ச்சல் தொடங்கிய நேரங்களை ஒரு தாளில் எழுதி எடுத்துச் சென்றது அப்போது கைகொடுத்தது.

மெடிக்கல் எய்ட் இல்லாதவர்களுக்கு இந்தச் சேவை இல்லை என்பது எனக்கு வருத்தமே. ஆனால் அவசர மருத்துவத்தை யாருக்கும் மறுக்கக் கூடாது என்று தென்னாப்பிரிக்க அரசியலமைப்பின் 27(3) பிரிவு சொல்கிறது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அரசு மருத்துவமனைகளில் 1994 முதல் இலவச மருத்துவம் உண்டு. அரசு ஆம்புலன்சுக்கு 10177, கைபேசியிலிருந்து 112. இந்த எண்களையும் செவிலியர் சேவையின் எண்ணையும் ஆயாவின் கைபேசியில் இப்போது பதிந்து வைத்திருக்கிறோம். பள்ளி விட்டு வந்ததும் பிள்ளை இருப்பது அவரோடுதான்.