மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி: குன்னூர் வழியா, கோத்தகிரி வழியா?

புது லைசென்ஸ் எடுத்தவர்கள் என்னிடம் கேட்டால், ஏறுவதற்குக் குன்னூர் பாதை, இறங்குவதற்குக் கோத்தகிரி பாதை என்பேன். சீசனில் போலீஸும் பெரும்பாலும் அப்படித்தான் ஒருவழியாகத் திருப்பி விடுகிறார்கள்.

குன்னூர் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். பர்லியாறு தாண்டியதும் பஸ், லாரி நெரிசல் தொடங்கும். வளைவுக்கு முன் சிவப்பு ஓரமிட்ட முக்கோணப் பலகையைப் பார்த்ததுமே கியரைக் குறைத்துவிடுங்கள். முக்கோணம் எச்சரிக்கை, வட்டம் கட்டளை. ஹாரன் படம் போட்ட நீல வட்டம் இருந்தால் ஹாரன் அடித்தே ஆக வேண்டும். குறுகிய இடத்தில் ஏறும் வண்டிக்குத்தான் முதலிடம், இறங்குபவர் ஓரமாக நின்று வழிவிட வேண்டும். ஏறும் வண்டி நின்றுவிட்டால் பின்னால் உருளும் ஆபத்து உண்டு.

கோத்தகிரி பாதையில் நெரிசல் குறைவு, தேயிலைத் தோட்டங்கள் கண்ணுக்குக் குளிர்ச்சி. அதனாலேயே வேகம் ஏறிவிடும். ஒருமுறை பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினேன். கருகிய வாடை காருக்குள் வந்தது, பெடல் பஞ்சு மாதிரி அமுங்கியது. ஓரங்கட்டி அரை மணி நேரம் ஆறவைத்தேன். இப்போது ஏறும்போது போடுகிற அதே கியரில்தான் இறங்குகிறேன். நியூட்ரலில் உருட்டவே கூடாது.

மூடுபனி வந்தால் எந்தப் பாதையானாலும் லோ பீம்தான். அப்புறம், வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வேண்டும், 2024 மே முதல்.