பள்ளி நூலகத்துக்குள் ஒரு மேக்கர்ஸ்பேஸ்: இரண்டு வருடம் பக்கத்தில் இருந்து பார்த்தவளின் விமர்சனம்

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசி வரைக்கும் இழுக்க வேண்டாம். பொருட்களுக்கு 5க்கு 4. அந்த அறையைப் பார்த்துக்கொள்கிற லைப்ரரி அம்மாவுக்கு 5க்கு 5, அதற்கு மேல் இருந்தால் அதையும் போடலாம். அறை திறந்திருக்க வேண்டிய பொறுப்பு யாருடையதோ அந்த ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டுக்கு, அதாவது இந்தப் பகுதிப் பள்ளிகளை நடத்துகிற நிர்வாகத்துக்கு, 5க்கு 2. அந்த 2 எதற்கு என்று கீழே வருகிறது.

இடம் கலிஃபோர்னியா, ஒரு எலிமெண்டரி ஸ்கூல் லைப்ரரி. பெயர் வேண்டாம், என் பிள்ளைகள் இரண்டு பேரும் இன்னும் அங்கேதான் படிக்கிறார்கள். இரண்டு வருடத்துக்கு முன் பாதி அலமாரிகளை எடுத்துவிட்டு, சக்கரம் வைத்த மேசைகள் போட்டு, பிள்ளைகள் தாங்களே பொருள் செய்து பார்க்கும் கைவேலை இடமாக, அதாவது மேக்கர்ஸ்பேஸாக மாற்றினார்கள். நான் வாரம் ஒரு நாள் அங்கே வாலண்டியராகப் போகிறவள். ஓபன் ஹவுஸ் அன்று மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு எழுதவில்லை, அன்றைக்கு எல்லாப் பள்ளிக்கூடமும் பளபளவென்றுதான் இருக்கும்.

உள்ளே என்னென்ன இருக்கிறது? 3டி பிரிண்டர் இரண்டு, ஸ்டிக்கர் மாதிரி காகிதத்தை வெட்டித் தரும் க்ரிகட் ஒன்று, தையல் இயந்திரம் இரண்டு, பத்துப் பன்னிரண்டு மைக்ரோபிட். கிளிப் மாட்டினால் வாழைப்பழத்தைக்கூடக் கம்ப்யூட்டர் பட்டனாக ஆக்கிவிடும் மேக்கி மேக்கியும் உண்டு. மைக்ரோபிட் என்பது 2016இல் பிபிசி பிரிட்டன் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுத்த குட்டிக் கம்ப்யூட்டர். உள்ளங்கையில் அடங்கும், 25 குட்டி விளக்குகள் இருக்கும், மூன்றாம் வகுப்புப் பிள்ளை அரை மணி நேரத்தில் அதில் தன் பெயரை ஓடவிட்டுவிடும். நன்றாகவே இருக்கிறது, குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் அந்த அறையிலேயே சிறந்த பொருள் எது என்று கேட்டால் நான் அட்டைப்பெட்டி மேசையைத்தான் காட்டுவேன். பழைய டெலிவரி பெட்டிகள், அட்டையைத் திருகி மாட்ட மேக்டோ என்று பிளாஸ்டிக் திருகாணிகள், மழுங்கின ரம்பம், டேப். மொத்தச் செலவு ஒரு 3டி பிரிண்டர் விலையில் கால்வாசிகூட வராது. கூட்டம் எப்போதும் அங்கேதான்.

இது எனக்குப் புரிந்தது என் மகளால். ஐந்தாம் வகுப்பு. மார்கழியில் நான் வாசலில் கோலம் போடுவதைப் பார்த்து, புள்ளி வைக்க ஒரு தட்டு செய்கிறேன் என்று கிளம்பினாள். ஏழுக்கு ஏழு நேர்ப்புள்ளி, அத்தனைக்கும் ஓட்டை, மேலே மாவைக் கொட்டித் தட்டினால் கீழே புள்ளிகள் விழ வேண்டும். டிங்கர்கேட் என்கிற 3டி வரையும் மென்பொருளில் வரைந்தாள், ஓட்டை 1 மில்லிமீட்டர். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடி பிரிண்ட் வந்தது. மாவு ஒரு துளி விழவில்லை. அடுத்த வாரம் 3 மில்லிமீட்டர் போட்டாள், மொத்தமும் பொத்தென்று குவியலாக விழுந்தது. மூன்றாவதாக இன்னொன்று பிரிண்ட் போடப் போனவளை அந்த லைப்ரரி அம்மா நிறுத்தினார். கோலம் என்றால் என்னவென்றே அவருக்கு அன்றுதான் தெரியும், ஆனால் கேட்டது சரியான கேள்வி: மாவு விழாததற்குக் காரணம் ஓட்டையா, மாவா? அட்டையில் ஆணியால் நான்கு அளவில் ஓட்டை போட்டுப் பார், அஞ்சு நிமிஷ வேலைதானே, அதற்கு ஏன் இரண்டு மணி நேர மெஷின் என்றார். அட்டையில் பார்த்ததில், நான் கொடுத்துவிட்ட அரிசி மாவு ஈரம் கோத்துக் கட்டி தட்டியிருந்தது தெரிந்தது. சலித்து எடுத்துப் போனபின் 2 மில்லிமீட்டரிலேயே அழகாக விழுந்தது. இதை எந்தப் பொருளும் சொல்லிக் கொடுக்கவில்லை, ஆள்தான் சொல்லிக் கொடுத்தார். (வீட்டில் அதே மகளிடம் நான் "போனால் போகட்டும், கையாலேயே வச்சுடலாம் விடு" என்று சொல்லியிருந்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.)

குறைகளுக்கு வருவோம். முதல் குறை சின்னவனுடையது. அவனுக்குத் திருகாணியும் வேண்டாம், பிரிண்டரும் வேண்டாம், மூலையில் உட்கார்ந்து புத்தகம் படிக்க வேண்டும். மூலை போய்விட்டது. தையல் இயந்திரத்துக்கும் ரம்பத்துக்கும் நடுவில் எப்படிப் படிப்பது? அலமாரிகளை எடுத்தபோது பழைய புத்தகங்களைக் கழித்தார்கள். கழிப்பது எந்த நூலகத்திலும் நடக்கிறதுதான், ஆனால் கழித்த வேகத்தில் புதிது வாங்கவில்லை. நூலகத்துக்குள் மேக்கர்ஸ்பேஸ் வைத்தால் ஒரு தடுப்பாவது, ஒரு கம்பளம் போட்ட மூலையாவது விட்டுவையுங்கள். இது காசில்லாத வேலை, யோசனை மட்டும் போதும்.

இரண்டாவது குறைதான் பெரியது. அறை பூட்டிக் கிடக்கிறது. முதல் வருடம் அந்த அம்மா வாரம் ஐந்து நாளும், தினம் ஆறு மணி நேரம் இருந்தார். இப்போது மூன்று நாள், அதுவும் மூன்று மூன்று மணி நேரம். மற்ற நாட்களில் கண்ணாடிக் கதவு வழியாகப் பிள்ளைகள் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். 3டி பிரிண்டரில் ஏதாவது போட்டால் அது முடிவதற்குள் இவருடைய நேரம் முடிந்துவிடுகிறது, ஆளில்லாமல் மெஷினை ஓடவிடக் கூடாது என்பதால் பாதியில் நிறுத்த வேண்டியிருக்கிறது. மே மாதம் பிரிண்டருக்குப் போடுகிற பிளாஸ்டிக் இழைச் சுருள் தீர்ந்தது, ஒரு கிலோ சுருள் இருபது இருபத்தைந்து டாலர்தான், அதைக்கூட பிடிஏ என்கிற பெற்றோர் ஆசிரியர் சங்கம்தான் வாங்கிக் கொடுத்தது.

லட்சக்கணக்கான டாலருக்கு மேசையும் மெஷினும் வாங்கத் தெரிந்தவர்களுக்கு இருபது டாலர் சுருள் வாங்கத் தெரியாதா என்று எனக்கு ஆத்திரம். ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து டிஸ்ட்ரிக்ட் போட்டு வைத்திருக்கிற பிடிஎஃப்களைப் படித்தேன். விஷயம் இதுதான்.

மேசையும் மெஷினும் வந்தது பாண்டு, அதாவது கடன் பத்திரப் பணத்தில். கலிஃபோர்னியாவில் 2000இல் மக்கள் ஓட்டுப் போட்டு நிறைவேற்றிய ப்ராப் 39 என்கிற சட்டப்படி, 55 சதவீத ஓட்டு கிடைத்தால் டிஸ்ட்ரிக்ட் கடன் பத்திரம் வெளியிட்டுக் கட்டடம் கட்டலாம், அறைக்குத் தேவையான சாமான்கள் வாங்கலாம். அந்தக் கடனை நம் சொத்து வரியிலிருந்து அடைக்கிறார்கள். ஆனால் அதே சட்டம், இந்தப் பணத்தில் சம்பளம் கொடுக்கக் கூடாது, அன்றாடச் செலவு செய்யக் கூடாது என்றும் சொல்கிறது. அதைப் பார்க்க ஒரு பொதுமக்கள் கண்காணிப்புக் குழுவும் உண்டு. அதனால் பிரிண்டர் வாங்க வழி இருக்கிறது, பிரிண்டர் பக்கத்தில் நிற்கிற ஆளுக்கு அதே பணத்தில் வழியில்லை. அந்த ஆளின் சம்பளம் பொது நிதியிலிருந்து வர வேண்டும், பொது நிதியில் துண்டு விழுந்தால் முதலில் கை வைப்பது லைப்ரரியில்தான். சட்டத்தில் தப்பில்லை, கடன் வாங்கிச் சம்பளம் கொடுக்காதே என்பது எந்த வீட்டுக்கும் பொருந்தும். ஆனால் மெஷின் வாங்கும்போதே இதை யார் திறந்து வைப்பார் என்று டிஸ்ட்ரிக்ட்டின் முடிவுகளை எடுக்கிற போர்டில் ஒருவர்கூடக் கேட்கவில்லை என்பதற்குத்தான் மூன்று மதிப்பெண் குறைத்தேன். அந்த மெஷின் வாங்குகிற கான்ட்ராக்ட் 'கன்சென்ட் காலண்டர்' என்கிற பட்டியலில் இருந்தது. இருபது முப்பது விஷயங்களை ஒன்றாகக் கட்டி ஒரே ஓட்டில் நிறைவேற்றுவார்கள், யாராவது தனியாக எடுங்கள் என்று கேட்டால்தான் பேச்சு. யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, அன்றைக்கு வீட்டில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

ஊரில் இருந்து படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த டிஸ்ட்ரிக்ட் நம் கலெக்டர் மாவட்டம் இல்லை. பள்ளிகளுக்கென்றே தனி எல்லை. போர்டில் பெரும்பாலும் ஐந்தோ ஏழோ பேர், பக்கத்துத் தெருக்காரர்கள் மாதிரியானவர்கள், நாலு வருடத்துக்கு ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறோம். டிஸ்ட்ரிக்ட்டின் தலைமை அதிகாரியான சூப்பரின்டென்டென்டை அவர்கள் வேலைக்கு வைக்கிறார்கள். கடைசிக் கையெழுத்து அவர்களுடையது, பள்ளி பிரின்சிபாலிடம் போய் சண்டை போடுவதில் பாதி வீண்.

சரி, போர்டு மீட்டிங் அனுபவம். இதையும் ஒரு சேவையாக வைத்துத்தான் மதிப்பிடுகிறேன். 1953இல் வந்த ப்ரவுன் சட்டப்படி வழக்கமான மீட்டிங்கின் அஜெண்டாவை 72 மணி நேரத்துக்கு முன்பே வெளியிட வேண்டும், பொதுமக்கள் பேசவும் இடம் தர வேண்டும். வெளியிடுகிறார்கள், ஆனால் முந்நூறு பக்க பிடிஎஃப். அதில் லைப்ரரி என்று தேடினால் ஒன்றும் வராது, 'கிளாசிஃபைட் ஊழியர் பணி நேரக் குறைப்பு' என்று தேட வேண்டும். ஆசிரியர் அல்லாத ஊழியர்களை அப்படித்தான் சொல்கிறார்கள். தனிப் படிப்புப் படித்து லைசென்ஸ் வாங்கிய டீச்சர் லைப்ரேரியன் கலிஃபோர்னியாவின் எலிமெண்டரி ஸ்கூல்களில் அபூர்வம், எங்கள் லைப்ரரி அம்மா போன்ற கிளாசிஃபைட் ஊழியர்கள்தான் பெரும்பாலும்.

போய்ச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். மூன்று நிமிடம் என்றார்கள், அன்று கூட்டம் அதிகம் என்பதால் ஒன்றரை நிமிடமாகக் குறைத்தார்கள். நான் எழுதி வைத்திருந்த ஆங்கிலப் பேச்சில் பாதியில் மணி அடித்துவிட்டது. கோலத் தட்டை மட்டும் தூக்கிக் காட்டிவிட்டு உட்கார்ந்தேன். ஐந்து பேரும் கல்லுப் பிள்ளையார் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கோபம் வந்தது, அப்புறம்தான் தெரிந்தது, அஜெண்டாவில் இல்லாத விஷயத்தை அவர்கள் விவாதிக்கவோ முடிவெடுக்கவோ சட்டத்தில் இடமில்லை, சுருக்கமாகப் பதில் சொல்லலாம், ஊழியர்களிடம் பார்க்கச் சொல்லலாம், அவ்வளவுதான். ஒருவர் அதைச் செய்தார். பள்ளி முடிந்தபின் நடக்கிற ப்ரோக்ராமுக்கு மாநிலம் 2021இல் தொடங்கிய தனி நிதி ஒன்று இருக்கிறது, அதில் மாலையில் லைப்ரரியைத் திறக்க முடியுமா என்று ஊழியர்களைப் பார்க்கச் சொன்னார். இரண்டு மாதம் கழித்து உண்மையாகவே வாரம் இரண்டு மாலை திறந்தார்கள். அந்த 2 மதிப்பெண் இதற்குத்தான். ஆனால் அந்த ப்ரோக்ராமில் சேர்ந்த பிள்ளைகளுக்கு மட்டும்தான் அனுமதி, என் மகள் அதில் இல்லை. நான் சண்டை போட்டு வாங்கிய கதவு என் பிள்ளைக்கே திறக்கவில்லை, போகட்டும்.

நான் செய்த பெரிய தப்பு, போன நேரம். ஜூனில் போனேன். ஜூனில்தான் பட்ஜெட்டும், எல்கேப் என்கிற மூன்று வருடத் திட்டமும் பொது விசாரணைக்கு வருகின்றன, ஜூலை 1க்குள் நிறைவேற்றியாக வேண்டும். பேசுங்கள் பேசுங்கள் என்று மைக்கை நீட்டுவது அப்போதுதான். ஆனால் அடுத்த வருடம் யாருக்கு வேலை இல்லை என்கிற நோட்டீஸ் மார்ச் 15க்குள் போய்விடுகிறது. கவர்னர் ஜனவரியில் பட்ஜெட் கணக்கு வெளியிடுவார், அதை வைத்து பிப்ரவரியில் போர்டு குறைப்புத் தீர்மானம் போடும். நான் ஜூனில் போய் உருகி உருகிப் பேசியது, மார்ச்சிலேயே வெட்டிய மரத்துக்குத் தண்ணீர் ஊற்றிய கதை. பேச நினைப்பவர்கள் பொங்கல் முடிந்த கையோடு அஜெண்டாவைப் பார்க்க ஆரம்பியுங்கள். பள்ளி அளவில் ஸ்கூல் சைட் கவுன்சில் என்று ஒன்று இருக்கிறது, பெற்றோருக்கும் அதில் இடம் உண்டு. கூட்டமே இல்லாத இடம், போனால் கேட்பார்கள்.

இன்னொன்று, நம்மவர்களுக்குப் பிடிக்காது, இருந்தாலும் சொல்கிறேன். இங்கே பெரும்பாலான டிஸ்ட்ரிக்ட்டுகளுக்கு மாநிலப் பணம் பிள்ளைகள் சேர்ந்த கணக்கில் வருவதில்லை, தினசரி வருகைக் கணக்கில் வருகிறது. டிசம்பரில் லீவுக்கு முன்னால் ஒரு வாரம், பின்னால் இரண்டு வாரம் சேர்த்து ஊருக்குப் போய்விட்டு வருகிறோமே, அந்தப் பதினைந்து நாள் பணம் நம் பள்ளிக்கு வராது. ஆபீசில் முன்கூட்டியே சொல்லி 'இன்டிபென்டென்ட் ஸ்டடி' ஒப்பந்தம் போட்டு, பிள்ளை அந்த வேலைகளை முடித்துக் கொடுத்தால் வரும். நாங்கள் மூன்று வருடம் இதைச் செய்யவில்லை. எங்கள் பள்ளியில் தமிழ், தெலுங்குக் குடும்பங்கள் மட்டும் எத்தனை என்று எண்ணிப் பார்த்து, லைப்ரரி அம்மாவின் வெட்டப்பட்ட மணி நேரங்களையும் நினைத்துப் பார்த்தபோது அன்றிரவு சரியாகத் தூக்கம் வரவில்லை.

உங்கள் பள்ளியில் மேக்கர்ஸ்பேஸ் திறக்கிறார்கள், ரிப்பன் வெட்ட வாருங்கள் என்றால் போங்கள், பிரிண்டர் எத்தனை என்று எண்ணாதீர்கள். வாரம் எத்தனை மணி நேரம் திறந்திருக்கும், அந்த ஆளின் சம்பளம் எந்த நிதியில் வருகிறது, அது ஒரு வருடப் பணமா நிரந்தரமா என்று மட்டும் கேளுங்கள். கேக் வெட்டுகிற நேரத்தில் இதைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள்தான்.

மகளின் கோலத் தட்டு இப்போது மூன்றாவது வடிவத்தில் இருக்கிறது, கைப்பிடி சேர்த்திருக்கிறாள், ஓட்டை 2 மில்லிமீட்டர். வியாழக்கிழமை வரிசையில் இவளுக்கு முன்னால் நான்கு பேர். கைப்பிடியைத் தனியாக அட்டையில் செய்து ஒட்டிவிட்டால் பிரிண்ட் நேரம் பாதியாகக் குறையும் என்று நேற்று அவளே கணக்குப் போட்டுச் சொன்னாள்.